கேட்டும் கேளாத செவி

இந்த ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில் நான் பாஸ்கா புகழுரையைப் பாடவில்லை. குருத்துவத் திருநிலை பெற்று இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. எந்தப் பங்கில் பணியாற்றினாலும் அந்த ஓர் இரவில் அந்தப் பாடலை நான் பிறருக்கு விட்டுக்கொடுத்ததில்லை. ஆலய விளக்குகள் அணைந்து, மக்கள் ஏந்தி நிற்கும் திரிகளின் ஒளி மட்டும் நிறைந்திருக்கும் வேளையில் முதல் அடியை எடுக்கும்போது நெஞ்சு விம்மும். அந்த விம்மலில் இறைப்பற்று எவ்வளவு, என் குரலின்மேல் எனக்கிருந்த பெருமை எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. இம்முறை இளம் திருத்தொண்டர் ஒருவர் வந்து பாடினார். நன்றாகவே பாடினார். நான் கையில் திரியோடு வாய் மூடி நின்றேன்.

திருநீற்றுப் புதனன்று தொடங்கிய கரகரப்பு அது. தவக்காலம் முழுவதும் பேச்சே பணி. மூன்று பங்குகளில் தியான உரைகள், வெள்ளிதோறும் சிலுவைப் பாதை, நாள்தோறும் திருப்பலியும் மறையுரையும். மிளகுப் பால், அதிமதுரம், சுக்குக் கஷாயம் என்று பங்கு மக்கள் அன்போடு கொண்டுவந்தவை எல்லாம் உள்ளே சென்றன. குரல்தான் வெளியே வரவில்லை. "சாமி, நீங்க பூசை வைக்கும்போது ஓட்டைப் பானையத் தட்டுற மாதிரி கேக்குது" என்று என் இல்லத்தில் சமைக்கும் அம்மா சொன்ன பிறகே, ஐந்தாம் வாரத்தில், நகரத்திலுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் சென்றேன்.

அவர் என்னைக் கடிந்துகொண்டார். "மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காத்திருக்கக் கூடாது, ஃபாதர். அது தொண்டையின் நோயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை" என்றார். இடப்பக்கக் குரல் நாணை இயக்கும் நரம்பு நேரே குரல்வளைக்கு வருவதில்லையாம். கழுத்தைத் தாண்டி மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மீண்டும் மேலேறித்தான் குரல்வளையை அடைகிறதாம். ஆகவே மார்புக்குள் வளரும் கட்டிகூட முதன்முதலில் குரலின் வழியாகத் தன்னை வெளிப்படுத்தக்கூடும். அதைக் கேட்டபோது என் கைகள் சில்லிட்டன. "முதலில் உங்கள் குரலைப் பதிவு செய்துகொண்டு வாருங்கள், பிறகு நான் உள்ளே பார்க்கிறேன்" என்று அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அது சிறிய அறை. ஒரு மேசை, ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி. பேச்சுப் பயிற்சி வல்லுநரான அந்தப் பெண்ணுக்கு என் அண்ணன் மகளின் வயதிருக்கும். மின்விசிறியை நிறுத்தினார், கதவைச் சாத்தினார், ஒலிவாங்கிக்கும் என் வாய்க்கும் இடையிலான தொலைவை அளவுகோல் வைத்து அளந்தார். மறையுரையைப் போல் எதையேனும் பேசச் சொல்வார் என்று எண்ணி ஆயத்தமாக இருந்தேன். அவரோ, "மூச்சை நன்றாக இழுத்து, உங்களுக்கு வசதியான சுருதியில், 'ஆ' என்று மூச்சு உள்ளவரை சொல்லுங்கள், ஃபாதர்" என்றார். எத்தனையோ ஆண்டுகள் இறையியல் பயின்ற எனக்கு ஒரே ஓர் உயிரெழுத்துதான் வாய்த்தது.

சொன்னேன். ஒன்பது நொடிகளில் மூச்சு அறுந்தது. நலமுள்ள ஆண்கள் பொதுவாக இருபது நொடியளவு இழுப்பார்கள் என்பதை அவர் பிறகுதான் சொன்னார்.

ஏன் 'ஆ' மட்டும் என்று கேட்டேன். "மெய்யெழுத்துகளை நாவும் உதடும் பல்லும் சேர்ந்து செய்கின்றன. ஒரே சுருதியில் நீட்டிச் சொல்லும் உயிரெழுத்தில்தான் குரல் நாண்களின் அசைவு கலப்பில்லாமல் அகப்படும்" என்றார். பிறகு திரையைக் காட்டினார். என் ஒன்பது நொடிகள் அங்கே கடலலைகள் போல் வரிசையாக நின்றன. ஒவ்வொரு நொடியையும் கணினி 44,100 முறை அளந்து பதிந்திருந்தது. ஆண் ஒருவன் பேசும்போது குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும், பெண் பேசும்போது 200 முறையும் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு திறப்புக்கும் ஆகும் நேரம் முந்தியதற்கு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் விழும் சிறு பிசகை 'ஜிட்டர்' என்கிறார்கள். ஒலியின் வலிமையில் விழும் பிசகு 'ஷிம்மர்'. எந்த மனிதக் குரலும் முற்றிலும் பிசகற்றதன்று. ஆனால் ஜிட்டர் 1.04 விழுக்காட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் அளவுகோல். என்னுடையது அதைப்போல் இரு மடங்குக்கும் மேலிருந்தது.

இன்னும் ஓர் எண் இருந்தது. குரலில் சீரான அதிர்வால் எழும் இசை எவ்வளவு, ஒழுங்கற்ற இரைச்சல் எவ்வளவு என்று ஒப்பிடும் விகிதம் அது. நலமுள்ளவரின் 'ஆ'வில் அது 20 டெசிபெல் அளவில் இருக்கும். அதாவது நூறு பங்கில் தொண்ணூற்றொன்பது பங்கு இசை, ஒரு பங்கு இரைச்சல். எனக்கு 10 டெசிபெல். நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு வெறும் காற்றிரைச்சல். சமையல்காரம்மா ஓட்டைப் பானை என்று சொன்னதைத்தான் கணினி எண்ணாக எழுதிக் காட்டியது.

அந்த மென்பொருளின் பெயர் 'ப்ராட்'. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுல் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ஆகிய இருவரும் 1990களில் உருவாக்கியது. யாரும் விலையின்றிப் பெறலாம். டச்சு மொழியில் அச்சொல்லுக்குப் 'பேசு' என்று பொருள்.

இக்கலை ஒரே நாளில் பிறந்ததன்று. 1854ஆம் ஆண்டு வரை, பேசிக்கொண்டிருக்கும் மனிதனின் குரல் நாண்களைத் தெளிவாகக் கண்டு விவரித்தவர் எவருமில்லை. அவ்வாண்டு பாரீசில் மனுவேல் கார்சியா என்ற இசை ஆசிரியர், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் செலுத்தி, மற்றொரு கண்ணாடியால் கதிரவனின் ஒளியை உள்ளே பாய்ச்சித் தன் குரல்வளையைத் தானே கண்டார். 1961இல் பிலிப் லீபர்மன் என்ற அமெரிக்க அறிஞர், குரலின் ஓர் அதிர்வுக்கும் அடுத்த அதிர்வுக்கும் இடையே விழும் நுண்ணிய கால வேறுபாடுகளை அளந்தார். நோயுற்ற குரல்வளைகளில் அவை எவ்வாறு மாறுகின்றன என்பதை 1963இல் எழுதினார். இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைக் கரகரப்பின் அளவாகக் கொள்ளலாம் என்று 1982இல் யுமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவரும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டினர். அதற்கு ஓராண்டு முன்னதாக, ஹிரானோ என்ற மற்றொரு ஜப்பானிய மருத்துவர், பயிற்சி பெற்ற செவி ஒரு குரலைக் கேட்டு எவற்றைக் குறிக்க வேண்டும் என்று ஐந்து தலைப்புகளில் வகுத்து நூலாக்கியிருந்தார்: கோளாற்றின் மொத்த அளவு, கரகரப்பு, காற்றொழுக்கு, வலுவின்மை, இறுக்கம். ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண். கணினி வந்த பிறகும் இந்தச் செவிக் கணக்கை மருத்துவர்கள் கைவிடவில்லை. அந்தப் பெண்ணும் என் 'ஆ'வைக் கண் மூடிக் கேட்டு, அந்த ஐந்துக்கும் எண் எழுதினார்.

பிறகு மருத்துவர் மெல்லிய உள்நோக்கியைச் செலுத்திப் பார்த்தார். ஒரு குரல் நாணின் விளிம்பில் மிளகளவு கூட இல்லாத ஒரு சிறு வளர்ச்சி, பாலிப் என்றார். ஓயாமல் பேசி, நோவெடுத்த பின்னும் பேசியதன் விளைவு. நான் அஞ்சிய நோய் இல்லை. ஐந்து நாள் முழு மௌனம். கிசுகிசுப்பதும் கூடாது, அதுவும் நாண்களை வருத்தக்கூடும். பிறகு குரல் பயிற்சி. சுருங்காவிட்டால் சிறிய அறுவைச் சிகிச்சை. குரலில் பழுது இருக்கிறது என்று கணினி சொன்னது. அது இன்ன பழுது என்பதைக் கண்தான் கண்டு சொல்ல வேண்டியிருந்தது.

இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தபோது, ஆர்வ மிகுதியால் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "தொண்டை நோய் தவிர வேறு எதையெல்லாம் இந்தக் குரலில் கேட்கிறீர்கள்?"

"பார்க்கின்சன் நோய், ஃபாதர்" என்றார். "நடுக்கம் வந்த பிறகுதான் எல்லாரும் மருத்துவரிடம் வருகிறார்கள். ஆனால் சிலருக்கு அதற்கு முன்பே குரல் மெலிந்துவிடும். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சுருதியில் பேசுவார்கள். கொடுமை என்னவென்றால், அது அவர்களுக்கே தெரியாது. தங்கள் குரலின் அளவை உணரும் திறனும் பிசகிவிடுவதால், நன்றாக உரக்கப் பேசுவதாகவே நம்புவார்கள். வீட்டில் உள்ளவர்கள் 'வாய்க்குள்ளேயே முனகாதீர்கள், சத்தமாகப் பேசுங்கள்' என்று திட்டுவார்கள். அவர்கள் 'நான் சத்தமாகத்தான் பேசுகிறேன்' என்பார்கள். இப்படித் தொடங்கும் சண்டையோடு எங்களிடம் வரும் குடும்பங்கள் பல."

நான் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டேன். 'நான் சத்தமாகத்தான்' என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோரப் பங்கில் பணியாற்றினேன். அங்கே உபதேசியார் ஒருவர் இருந்தார். பங்குப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் காலைத் திருப்பலியில் முதல் வாசகம் அவருடையது. அலையோசையை மீறிப் பேசியே பழகிய ஊர் அது; கடற்கரையில் ஏலம் கூறும் குரல் ஆலயத்தினுள் கேட்கும். அவ்வூருக்கு ஏற்றபடி கணீரென்ற குரல் அவருக்கு. இறைவாக்கினர் எசாயாவை அவர் வாசித்தால், எழுதப் படிக்கத் தெரியாத மீனவத் தாய்மாரும் தலையசைத்துக் கேட்பார்கள்.

நான் அங்கே சென்ற இரண்டாம் ஆண்டில் அந்தக் குரல் தளர்ந்தது. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. வாக்கியத்தின் முடிவுகள் அவருடைய சட்டைப்பைக்குள் விழுந்தன. எங்கே உயர்த்த வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்பதை எங்களுக்கெல்லாம் கற்பித்தவர், வாசகத்தை வரவுசெலவுக் கணக்கைப் போல் ஒரே சுருதியில் படித்து முடித்தார். பங்குப் பேரவையில் முறையீடு வந்தது. "உபதேசியாருக்கு இப்பொல்லாம் அக்கறை இல்ல சாமி" என்றார்கள்.

பேரவையின் முன்னிலையிலேயே நான் அவரைக் கேட்டேன். "உபதேசியார் ஐயா, இறைவார்த்தையை மக்கள் கேட்க வேண்டாமா? கொஞ்சம் சத்தமாக வாசித்தால் என்ன?"

அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். "நான் சத்தமாத்தான் வாசிக்கேன் சாமி" என்றார்.

அதை நான் எதிர்ப்பேச்சாக எடுத்துக்கொண்டேன். செய்வதையும் செய்துவிட்டு இல்லையென்று சாதிக்கிறாரே என்று எனக்குச் சினம் வந்தது. அடுத்த வாரமே வாசகர் பட்டியலை இளைஞர்களுக்கு மாற்றினேன். ஒலிவாங்கியை ஒரு சாண் அருகே நகர்த்தி வைத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வரிசையில் அமர்ந்து, இளைஞர்கள் வாசிக்கும்போது உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். அதையும் பீடத்திலிருந்து பார்த்தேன்.

அவ்வாண்டு பிப்ரவரி 3ஆம் நாள், புனித பிளாசியு திருநாளில், தொண்டையை ஆசீர்வதிக்கும் சடங்குக்கு அவரும் வரிசையில் வந்தார். இரு திரிகளைக் குறுக்காகப் பிடித்து அவர் கழுத்தில் வைத்து, தொண்டை நோயினின்று இறைவன் காப்பாராக என்று செபித்தேன். என் கைகள் அவர் தொண்டையின்மேல் இருந்தன. அப்போதும் நான் ஒன்றும் அறியவில்லை.

நான் மாற்றலாகிச் சென்ற பிறகு, அவர் கைநடுக்கத்தால் நன்மை வாங்கவும் இயலாமல் தடுமாறியதாகவும், மருத்துவர்கள் பார்க்கின்சன் நோய் என்று சொன்னதாகவும் செய்தி வந்தது. வருந்தினேன், செபித்தேன். ஆனால் அந்த நோயையும் அந்த வாசகத்தையும் நான் இணைத்துப் பார்த்ததே இல்லை, அந்த மருத்துவமனை நாற்காலியில் அமரும்வரை.

ஐந்து நாள் மௌனத்தில் எனக்கு வேலை இருக்கவில்லை. நினைவுகள் மட்டுமே இருந்தன. புனித அகுஸ்தினாருடைய 'ஒப்புதல்கள்' நூலின் ஒன்பதாம் பகுதியை எடுத்துப் படித்தேன். 386ஆம் ஆண்டுக் கோடையில் மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராக இருந்தபோது, தம் நெஞ்சு நலிந்து நெடுநேரம் பேச முடியாமற்போனதை அவர் அங்கே எழுதியிருக்கிறார். பேச்சையே பிழைப்பாகக் கொண்டவர், அந்த நலிவை ஒரு விடுதலையாக ஏற்றுக்கொண்டு பதவியைத் துறந்தார். எனக்கு அவ்வளவு பெரிய மாற்றம் நேரவில்லை. ஆயினும், பேசாதிருந்த அந்நாள்களில், நான் எப்படிக் கேட்டு வந்தேன் என்பதை எண்ணிப் பார்க்க நேர்ந்தது. ஒப்புரவுத் தொட்டியின் இருளில், வலைக்கு அப்பாலிருந்து வரும் குரலை மட்டும் கேட்டே கால் நூற்றாண்டு கழித்தவன் நான். குரலை எடைபோடுவதில் தேர்ந்தவன் என்று எனக்கு நானே சான்றிதழ் வழங்கியிருந்தேன். ஆனால் குற்றத்தைக் கேட்கப் பழகிய செவி, நோயையும் குற்றமாகவே கேட்டிருக்கிறது.

அந்தப் பெண் அன்று கேட்டிருந்தால், 'வலுவின்மை: 2' என்று எழுதிவிட்டு அதன் காரணத்தைத் தேடப் புறப்பட்டிருப்பார். நான் 'அக்கறையின்மை' என்று எழுதினேன். தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

கணினி நம்மைவிட அன்புள்ளது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு அன்பும் இல்லை, சினமும் இல்லை. அதன் எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சளி பிடித்தாலும், அறையில் மின்விசிறி சுழன்றாலும், ஒலிவாங்கி தரமற்றதாக இருந்தாலும் எண்கள் மாறிவிடும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸ் லிட்டில் என்பவர், அமெரிக்காவின் டென்வர் நகரிலுள்ள குரல் ஆய்வு மையத்தோடு இணைந்து, பார்க்கின்சன் நோயைக் குரலில் அடையாளம் காண முயன்றார். 2008இல் ஆய்வாளர்களுக்காக அவர் பொதுவில் வைத்த தொகுப்பில் 195 ஒலிப்பதிவுகள் இருந்தன. குரல் கொடுத்தவர்கள் 31 பேர், அவர்களில் 23 பேர் நோயாளிகள். பிறகு 2012இல், தொலைபேசி வழியாகவே பத்தாயிரம் பேரின் குரலைத் திரட்டும் இலக்கோடு ஒரு முயற்சியைத் தொடங்கினார். 2022இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியுதவியுடன், குரலைப் பல நோய்களின் அறிகுறியாக ஆராயும் பெருந்திட்டம் ஒன்றும் தொடங்கியது. முப்பத்தொரு பேரிடம் தெளிவாகத் தெரிந்தது, முகமறியாத ஆயிரம் பேரிடம் அப்படியே தெரியும் என்பதற்கு உறுதியில்லை. நீட்டிய 'ஆ' எந்த மொழியினருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஆங்கில வாக்கியங்களில் பயின்ற கணினி, தமிழ் வாக்கியங்களின் ஏற்ற இறக்கத்தை அவ்வாறே எடைபோட முடியாது. ஐயத்தை எழுப்புவது கருவியின் பணி. நோய்க்குப் பெயரிடுவது மருத்துவரின் பணி.

வேறோர் அச்சமும் எனக்கு உண்டு. குரல் நம் உள்ளத்து நிலையை மட்டுமன்றி உடலின் நிலையையும் வெளியே சொல்லிவிடுகிறது என்றால், அதைக் கேட்பவர் யார் என்பது பெரிய கேள்வி. தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவை, அவருடைய கலிலேயப் பேச்சே காட்டிக்கொடுத்தது. அங்கே நின்றவர்களும் நுட்பமாகத்தான் கேட்டார்கள், பிடித்துக்கொடுப்பதற்காகக் கேட்டார்கள். தொலைபேசியில் ஒருவர் பேசும் சில நொடிகளைக் கொண்டே அவரது நோயை ஊகிக்க முடியும் என்ற நிலை வந்தால், வேலை தருபவரும் காப்பீடு விற்பவரும் அதைக் கேட்க விரும்புவார்கள். மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அம்மனிதரை முதலில் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். அதன் பிறகே அவருடைய காதையும் நாவையும் தொடுகிறார். நானோ உபதேசியாரைப் பங்குப் பேரவையின் நடுவில் நிறுத்திக் கேட்டேன்.

பாஸ்கா காலத்தின் இரண்டாம் வாரத்தில் அந்தக் கடலோர ஊருக்குச் சென்றேன். நாளொன்றுக்கு இவ்வளவு நேரம்தான் பேசலாம் என்ற கட்டுப்பாடு எனக்கு இருந்தது. எழுபத்து நான்கு வயதான உபதேசியார் திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தார். முகம் அசைவற்று இருந்தது. கண்கள் மட்டும் பழைய ஆசிரியரின் கண்கள். அருகில் அமர்ந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொன்னேன், மருத்துவமனையில் அறிந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு உதடுகள் அசைந்தன. நான் என் காதை அவர் வாயருகே கொண்டு சென்றேன்.

"எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும் சாமி?" என்றார். சற்று நின்று மூச்சு வாங்கி, "ஆனா, அன்னைக்கி நீங்க என்னைய நம்பலங்கிறதுதான்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

அந்த முடியாத வாக்கியத்தை நான் இன்றும் சுமக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. தம் குரல் சத்தமாக இருப்பதாகவே அவருக்குக் கேட்டது. 'எனக்குக் கேட்கவில்லையே ஐயா, உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மருத்துவமும் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கும்.

அந்தப் பெண்ணிடம் அறிந்துவந்த பயிற்சி ஒன்றைப் பற்றி அவருடைய மகளிடம் சொன்னேன். 1987இல் அமெரிக்காவில் லொரெய்ன் ரேமிக் என்ற பேச்சு வல்லுநரும் உடன் உழைத்தோரும் தொடங்கிய முறை அது. பார்க்கின்சன் நோயுற்றிருந்த லீ சில்வர்மன் என்ற அம்மையாரின் பெயரால் வழங்குகிறது. நான்கு வாரங்களில் 16 அமர்வுகள். எல்லாவற்றிலும் ஒரே கட்டளைதான்: உரக்க. தமக்குக் கத்துவது போலத் தோன்றும் அளவே பிறருக்கு இயல்பான பேச்சு என்பதை நோயாளி பழகிக்கொள்கிறார். நோயை அது நிறுத்திவிடாது. குரலைச் சிறிது காலம் காத்துத் தரும். தொடக்கத்திலேயே கற்றிருந்தால் பயன் மிகுந்திருக்கலாம். இப்போதும் முயன்று பார்க்கலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார்.

இதைப் படிக்கும் உடன் குருக்களுக்கும், ஆசிரியர்களுக்கும், பாடற்குழுவினருக்கும், வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குரல் மூன்று வாரங்களுக்கு மேல் தேறாதிருந்தால், கஷாயத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்களோடு வாழ்பவரின் குரல் காரணமின்றி மாறினால், அதைக் குணத்தின் மாற்றம் என்று முடிவுகட்டும் முன், அவரைத் தனியே அழைத்துக் கேளுங்கள். ஏப்ரல் 16ஆம் நாளை உலகக் குரல் நாளாகக் கொண்டாடும் வழக்கம் உண்டு. அன்றோ பிளாசியு திருநாளன்றோ, பங்கில் ஒரு குரல் பரிசோதனை முகாம் நடத்துவது கடினமன்று.

புறப்படும் முன் உபதேசியாரிடம் அன்றைய முதல் வாசகத்தை வாசிக்கச் சொன்னேன். மகள் விவிலியத்தைப் பிடித்துக்கொண்டார். திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து ஒரு பகுதி. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் தோளோடு தோள் ஒட்ட அமர்ந்தேன். தெருவில் மீன் வண்டிகள் சென்றன; கடல் இரைந்தது. ஆயினும் ஒரு சொல்லும் தவறவில்லை. முடித்துவிட்டு, "கேட்டுச்சா சாமி?" என்றார்.

"எல்லாம் கேட்டது ஐயா" என்றேன், என் ஓட்டைக் குரலில்.

அசைவற்ற அந்த முகத்தில் கண்கள் மட்டும் சிரித்தன. "நீங்க சொன்னது எனக்குக் கேக்கல சாமி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார்.